கொள்ளைநோய், கலப்பை, சிலுவை: இடைக்கால ஐரோப்பிய அரசுகளைக் கட்டியது எது?

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்)

1347 அக்டோபரில் ஜெனோவாக் கப்பல்கள் சிசிலியின் மெசினா துறைமுகத்துக்குக் கொள்ளைநோயை (பிளேக்) கொண்டுவந்தன. அடுத்த நாலைந்து ஆண்டுகளில் ஐரோப்பியரில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை செத்துப்போனதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். இதற்கு அடுத்த வரியாகப் பாடநூல்களில் வருவது நம் எல்லோருக்கும் மனப்பாடம்: ஆள் குறைந்தது, கூலி ஏறியது, பண்ணையடிமை முறை ஒழிந்தது, மன்னர்கள் வலுப்பெற்றார்கள்.

இதில் எனக்கு உடன்பாடில்லை. ஆள் குறைந்தால் கூலி ஏறும், சரி. ஆனால் இருக்கிற ஆளை ஓடவிடாமல் கட்டிப்போடவும் தோன்றுமே? நிலப்பிரபுவுக்கு முதலில் தோன்றியது அதுதான். இங்கிலாந்தில் 1348 கோடையில் டார்செட் கரையில் நோய் இறங்கியது. 1349 ஜூனில், சாவு ஓயாதபோதே, மூன்றாம் எட்வர்ட் தொழிலாளர் ஆணையைப் பிறப்பித்துவிட்டார். 60 வயதுக்குட்பட்ட, பிழைக்கத் தனி வழியில்லாத எவரும் கூப்பிட்ட இடத்தில் வேலை செய்தாக வேண்டும். கூலி, நோய்க்கு முன்பு 1346 வாக்கில் இருந்த அளவைத் தாண்டக் கூடாது. 1351-ல் நாடாளுமன்றம் இதை இன்னும் இறுக்கிச் சட்டமாக்கியது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதற்கடுத்த கட்டத்தை. அதுவரை ஊரில் யார் யாருக்கு என்ன வேலை செய்வது என்பது பெரும்பாலும் நிலப்பிரபுவின் சொந்த மன்றத்தில் முடிந்த விஷயம். இப்போது பக்கத்துப் பண்ணைக்காரன் கூடுதல் கூலி காட்டி ஆளை இழுக்கிறான்; தன் மன்றத்தால் அவனை ஒன்றும் செய்ய முடியவில்லை. அரசனின் நீதிபதிகளைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. அவர்கள் விதித்த தண்டத்தொகையை, அந்தந்த ஊர் கட்ட வேண்டிய போர்வரியில் கழித்துக்கொள்ளவும் 1350-களில் ஏற்பாடு நடந்தது. கூலியாளுக்கு நோய் விடுதலை தந்ததோ இல்லையோ, அதற்கு முன்பே அரசின் கையை அவன் வயல்வரை நீட்டிவிட்டது.

அதே நோய் வந்துபோன கண்டத்தில், ஜெர்மனியின் எல்பே ஆற்றுக்குக் கிழக்கே ஓரிரு நூற்றாண்டில் பண்ணையடிமை முறை புதிதாக இறுகியது. ஒரே காரணத்துக்கு எப்படி இரண்டு நேரெதிர் விளைவுகள்? நோய் வருமுன்பே வரி வாங்கும் உரிமையும் வழக்குக் கேட்கும் உரிமையும் யார் கையில் இருந்தன என்பதே முடிவைத் தீர்மானித்தது என்கிறேன். மறுப்பவர்கள் எழுதுங்கள்.

---

ஏர்முனை

நல்ல இழை. ஆனால் 1348-ல் தொடங்குவதே தவறான இடம் என்பேன். 1315-க்குப் போங்கள்.

அந்த ஆண்டு வசந்தத்தில் பிடித்த மழை கோடையிலும் விடவில்லை. பிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பக்கம்) மீது படையெடுத்த பிரெஞ்சு மன்னன் பத்தாம் லூயியின் படை சேற்றில் சிக்கித் திரும்பியது. 1316-லும் விளைச்சல் பொய்த்தது. அன்றைய வடக்கு ஐரோப்பாவில் ஒரு படி கோதுமை விதைத்தால் மூன்று, நல்ல வயலில் நான்கு படி கிடைக்கும். நெல்லில் பழகிய நமக்கு நம்பவே முடியாத கணக்கு இது. அதிலும் ஒரு படியை விதைக்கு எடுத்து வைத்தாக வேண்டும். ஒரு போகம் பாதியானால் மிஞ்சுவது விதையும் அரைவயிறும். அடுத்ததும் போனால் விதையைத் தின்பதைத் தவிர வழியில்லை. இது ஓய்வதற்குள் மாட்டு நோய். இங்கிலாந்தை அது 1319-ல் எட்டியது. எருது செத்தால் உழவு செத்தது. ஆக, கொள்ளைநோய் வந்தபோது வயதில் இருந்தவர்கள் பலர் பஞ்சத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்.

இதைவிட முக்கியமானது கலப்பை. மத்தியதரைக்கடல் பக்கத்து லேசான மண்ணுக்கு நம் ஏர் மாதிரிக் கீறிவிட்டுப் போகும் கலப்பை போதும். வடக்கே ஈரக் களிமண். அதை அறுக்க ஒரு கத்தி, அடியில் வெட்டக் கொழு, மண்ணைப் புரட்டிப்போட ஒரு பலகை, பல இடங்களில் சக்கரமும் சேர்ந்த கனத்த கலப்பை தேவைப்பட்டது. இழுக்க ஆறு, எட்டு எருதுகள். தனிக்குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது, நாலைந்து வீடுகள் மாடு சேர்த்தால்தான் ஏர் நகரும். நிலத்தை மூன்று பங்காக்கி ஒன்றில் குளிர்காலக் கோதுமை, ஒன்றில் ஓட்ஸோ வாற்கோதுமையோ பட்டாணியோ, ஒன்று தரிசு என்று ஆண்டுதோறும் மாற்றினார்கள். தரிசில் ஊர் மாடெல்லாம் மேயும். யார் எப்போது விதைப்பது, வேலியை எப்போது பிரிப்பது என்று ஊரே கூடி முடிவெடுத்தாக வேண்டும்.

நெடுவழி கேட்ட வரிக் கதைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. 1334-ல் இங்கிலாந்து அரசு ஆளுக்கு ஆள் சொத்தை மதிப்பிடுவதை விட்டுவிட்டு, ஊருக்கு இவ்வளவு என்று தொகையை நிர்ணயித்தது. பங்கு பிரித்துக்கொள்வது ஊர் பாடு. சேர்ந்து உழுது, சேர்ந்து சண்டையிட்டு, கணக்குப் பார்த்துப் பழகிய ஊர்கள் இருந்ததால்தான் அப்படி ஒரு வரி நடந்தது. அரசு தன் வரி இயந்திரத்தின் கடைசிப் பல்லைத் தானே செய்யவில்லை. உழவு செய்து வைத்திருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டது.

---

கோட்டைவாசல்

இருவரும் மதப்போரை மறந்துவிட்டீர்கள். நோயும் உழவும் போரும் ஒரே ஆளின் வாழ்க்கையில் சந்தித்த இடத்தைச் சொல்கிறேன்: காஸ்தீல் (இன்றைய ஸ்பெயினின் பெரும்பகுதி) மன்னன் பதினொன்றாம் அல்போன்சோ.

1340 அக்டோபரில் சலாதோ ஆற்றங்கரையில் மொராக்கோ படையையும் தென் ஸ்பெயினின் முஸ்லிம் அரசான கிரனாடாவின் படையையும் வென்றார். அடுத்து அல்ஜெசிராஸ் முற்றுகை, 1342 முதல் 1344 வரை. மதத்தின் பேரால் நடக்கும் போர் ஆனாலும் கப்பலுக்கும் கூலிப்படைக்கும் காசு வேண்டும். 1342-ல் பூர்கோஸில் நகரங்களைக் கூட்டி, விற்பனை ஒவ்வொன்றிலும் இருபதில் ஒரு பங்கை வரியாகக் கேட்டார். அல்காபாலா என்று பெயர். முற்றுகை முடியும் வரை என்று கொடுக்கப்பட்ட வரி அது. அல்ஜெசிராஸ் விழுந்தது, வரி விழவில்லை. பிறகு பத்தில் ஒரு பங்காக ஏறி, காஸ்தீல் அரசின் முதன்மை வருவாயாகவே ஆகிவிட்டது. ஏற்கெனவே திருச்சபைக்குப் போகும் தசமபாகத்தில் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) ஒன்பதில் இரண்டு பங்கு, முஸ்லிம்களுக்கு எதிரான போர் என்ற காரணத்தால் அரண்மனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கோவில் காசை மன்னன் வழக்கமாகத் தொட இது வழி செய்தது.

1349-ல் ஜிப்ரால்டரை முற்றுகையிட்டார். பாசறையில் கொள்ளைநோய் புகுந்தது. படைத்தலைவர்கள் விலகச் சொல்லியும் கேட்கவில்லை. 1350 மார்ச் 26, பெரிய வெள்ளியன்று அங்கேயே செத்தார். அந்த முதல் அலையில் நோய்க்குப் பலியான ஐரோப்பிய அரசர் இவர்தான். மகன் பெத்ரோ பட்டமேறினான். பெத்ரோவை மணக்க வந்துகொண்டிருந்த இங்கிலாந்து இளவரசி ஜோன் 1348-லேயே பொர்தோவில் இதே நோயில் இறந்திருந்தாள். பெத்ரோ 1351-ல் வயாதோலித் நகரில் கூடிய நாடாளுமன்றத்தில் கூலிக்கு உச்சவரம்பு விதித்தான். லண்டனில் நடந்தது அதே ஆண்டில் அங்கேயும் நடந்தது, நெடுவழி கவனிக்க. பின்னர் உள்நாட்டுப் போர். 1369-ல் பெத்ரோவை, அவன் தந்தைக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த சகோதரனே கொன்று அரியணை ஏறினான். இவ்வளவு கொந்தளிப்பிலும் அல்காபாலா சாகவில்லை என்பதைத்தான் நான் மறக்கவே முடியாத உண்மையாகப் பார்க்கிறேன். மன்னர்கள் செத்தார்கள், வரி பிழைத்தது.

உழவு? 1248-ல் செவில்லைப் பிடித்த பிறகு குவாதல்கிவிர் பள்ளத்தாக்கில் முஸ்லிம் உழவர்கள் இருந்தார்கள். 1264-ல் அவர்கள் கிளர்ந்தெழுந்தபோது அடக்கி விரட்டிவிட்டார்கள். பாசனமும் தோட்டமும் தெரிந்த கைகள் கிரனாடாவுக்குப் போய்விட்டன. ஆளில்லாத பரப்பு பெரும் பிரபுக்களுக்கும் சந்தியாகோ, கலத்ராவா போன்ற போர்த்துறவியர் சபைகளுக்கும் போனது. ஆளில்லாத நிலத்தில் என்ன செய்யலாம்? ஆடு மேய்க்கலாம். 1273-ல் பத்தாம் அல்போன்சோ ஆட்டு மந்தைக்காரர்களின் மேஸ்தா சங்கத்துக்கு அரசுரிமை கொடுத்தார். வடக்கும் தெற்குமாக மந்தை போகும் பாதைகளை உழவர்கள் உழுது அடைக்கக் கூடாது என்பது சட்டம். மந்தை கடக்கும் இடத்தில் அரசுக்கு வரி. கொள்ளைநோயில் இன்னும் வயல்கள் காலியானபோது ஆடுகள் பெருகின. கம்பளி பூர்கோஸ் வழியாக பிளாண்டர்ஸ் போனது. உழவன் கைக்கு வந்திருக்க வேண்டிய பேரம் ஆட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

---

பனித்துளி

இவ்வளவு நாளா சிலுவைப்போர்னா ஜெருசலேம்னு மட்டும்தான் நினைச்சிட்டிருந்தேன். முதுகலை வரலாறு படிக்கிறேன், வகுப்புல இதை இப்படிச் சேர்த்துச் சொல்லவே இல்லை. ஒரு கேள்வி. கொள்ளைநோய்க்கு யூதர்கள்தான் காரணம்னு சொல்லிக் கொன்னாங்கன்னு படிச்சேன். அது மக்கள் கூட்டம் பயத்துல செஞ்சதா, இல்ல அரசுக்கும் அதுல பங்கு இருக்கா?

---

நெடுவழி

பனித்துளி, அரசுக்குப் பங்கு இருக்கிறது, அதுவும் ஆவணமாகவே இருக்கிறது.

ஸ்ட்ராஸ்பர்க்கில் 1349 பிப்ரவரி 14-ல் யூதர்களை எரித்தார்கள். அன்று அந்த ஊருக்கு நோய் வந்து சேரவே இல்லை. யூதர்களைக் காக்க முயன்ற நகரசபையைக் கைவினைச் சங்கங்கள் சில நாட்களுக்கு முன் கவிழ்த்திருந்தன. எரித்த பின் அவர்களிடம் பட்ட கடன் பத்திரங்கள் ரத்தாயின, பணம் பங்கு போடப்பட்டது. போப் ஆறாம் கிளமென்ட் 1348-லேயே ஆணைகள் வெளியிட்டு, யூதர்களும்தான் இந்த நோயில் சாகிறார்கள், யூதர்களே இல்லாத ஊரிலும் நோய் இருக்கிறது என்று எடுத்துச்சொன்னார். பல ஊர்களில் யாரும் கேட்கவில்லை.

நியூரம்பெர்க்கில் இன்னும் கொடுமை. ஜெர்மானிய மன்னன் நான்காம் சார்லஸ் 1349 நவம்பரில் யூதர் வீடுகளை இடித்துச் சந்தை கட்டிக்கொள்ள நகரத்துக்கு அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டார். டிசம்பரில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். ஜெபக்கூடம் இருந்த இடத்தில் மாதாகோவில் எழுந்தது, இன்றும் நிற்கிறது. சட்டப்படி யூதர்கள் மன்னனின் பாதுகாப்பில் இருந்தவர்கள். பாதுகாப்புக்காக அவர்களிடம் வரியும் வாங்கியவர் அதே மன்னர்.

இங்கிலாந்து இதைக் கொள்ளைநோய்க்கு 58 ஆண்டுகளுக்கு முன்பே செய்தது. 1290-ல் முதலாம் எட்வர்ட் யூதர்கள் அத்தனை பேரையும் வெளியேற்றினார். அதே கோடையில் நாடாளுமன்றம் அவருக்கு ஒரு பெரிய வரியை அனுமதித்தது. ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் திரண்டது. எட்வர்ட் இளவரசராகச் சிலுவைப்போருக்குப் போனவர், மறுபடி போகும் திட்டமும் வைத்திருந்தவர். ஒரு சமூகத்தை விரட்டியதற்குக் கைமாறாக வரிக்கு ஒப்புதல். அரசு வளர்ந்த கதையைப் பேசும்போது இந்தப் பக்கத்தைத் தாண்டிப்போக நமக்கு உரிமை இல்லை.

---

தென்றல்மேடு

கோட்டைவாசல் சொல்வதைக் கேட்டால் மதப்போர் நடந்தால் அரசு வலுக்கும் என்று ஆகிறது. பொகீமியாவை (இன்றைய செக் நாடு) பாருங்கள், நேர்மாறு.

1415-ல் கான்ஸ்டன்ஸ் நகரில், திருச்சபையைக் கண்டித்த போதகர் யான் ஹுஸ் எரிக்கப்பட்டார். 1419-ல் பிராகாவில் கிளர்ச்சி. 1420 முதல் 1431 வரை ஹுஸ் வழியினருக்கு எதிராக ஐந்து சிலுவைப்படைகள் வந்தன, ஐந்தும் தோற்றன. எதிர்த்து நின்றவர்களில் பெரும்பகுதி குடியானவர்கள். கதிரடிக்கும் கோலில் இரும்பு ஆணி அடித்து ஆயுதமாக்கினார்கள். வைக்கோல் ஏற்றும் வண்டிகளுக்குப் பலகை போர்த்தி வளையமாக நிறுத்திக் கோட்டையாக்கினார்கள். தலைவர் யான் ஜீஷ்கா போரில் சாகவில்லை. 1424 அக்டோபரில் பிரிபிஸ்லாவ் முற்றுகையில் கொள்ளைநோயில் செத்ததாகச் சொல்கிறார்கள்.

தாபோர் என்ற புதிய ஊரில் கூடியவர்கள் இனி குத்தகையும் இல்லை, கூலியில்லாத வெட்டி வேலையும் இல்லை என்று நம்பி வீடுவாசலைக் கொளுத்திவிட்டு வந்தவர்கள். 1420 இலையுதிர் காலத்திலேயே தாபோர்த் தலைமை சுற்றுவட்டாரக் குடியானவர்களிடம் குத்தகை வசூலிக்கத் தொடங்கியது. படைக்குச் சோறு வேண்டுமே. எனக்கு இந்த வரலாற்றில் மனம் கனக்கும் இடம் அது.

முடிவில் யாருக்கு லாபம்? சிலுவைப்படைக்குக் காசு தேடிய மன்னன் சிகிஸ்முந்த் திருச்சபை நிலங்களைக் கத்தோலிக்கப் பிரபுக்களிடம் அடகு வைத்தார். மற்றவற்றை ஹுஸ் பக்கத்துப் பிரபுக்கள் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் நிலம் பிரபுவுக்கே. அரியணை மெலிந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பொகீமியப் பிரபுக்களின் மன்றம் குடியானவன் ஊர்விட்டுப் போவதைத் தடுக்கும் சட்டங்களைப் போட்டுவிட்டது.

---

கோட்டைவாசல்

தென்றல்மேடு, நீங்கள் சொன்னது என் வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. போர்ச்செலவுக்கு மன்னன் எங்கிருந்து எடுத்தான் என்று பாருங்கள். காஸ்தீலில் சந்தையிலிருந்தும் தசமபாகத்திலிருந்தும் எடுத்தான், அது ஆண்டுதோறும் திரும்ப வரும். சிகிஸ்முந்த் நிலத்தை அடகு வைத்தார், அது போனால் போனதுதான்.

போலந்தையும் இதில் வைத்துப் பாருங்கள். 1374-ல் கோஷித்சே நகரில் மன்னன் லூயி, தன் மகள்களில் ஒருத்திக்குப் பட்டம் உறுதியாக வேண்டும் என்பதற்காகப் பிரபுக்களின் நிலத்துக்கு வரி ஒரு அளவு வயலுக்கு இரண்டு குரோஷென் காசு மட்டுமே என்று எழுதிக் கொடுத்தார். அதற்கு மேல் வேண்டுமானால் பிரபுக்களின் சம்மதம் வாங்க வேண்டும். அப்போதே பேரம் முடிந்துவிட்டது. பிறகு வந்த போர்கள் பலவற்றுக்கும் மன்னர்கள் சலுகைகளை விற்றுத்தான் படை திரட்டினார்கள். 1496-ல் ஓராண்டுக்கு ஒரு ஊரிலிருந்து ஒரே ஒரு குடியானவன்தான் வெளியேறலாம் என்று சட்டம். 1520-ல் வாரம் ஒருநாள் கட்டாய உழைப்பு. அப்போது கதான்ஸ்க் துறைமுகம் வழியாக மேற்கு நகரங்களுக்குத் தானியம் போய்க்கொண்டிருந்தது. பிரபுவுக்கு வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது, தடுக்க மன்னனுக்குக் கை இல்லை.

பால்டிக் கடலோரப் பிரஷியாவில் டியூட்டானிக் போர்த்துறவியரின் ஆட்சி. மதப்போருக்காகவே பிறந்த அரசு அது. 1387-ல் லிதுவேனியர்கள் ஞானஸ்நானம் பெற்றதும் யாரை எதிர்த்துப் போர் என்று கேட்கும் நிலை. 1410-ல் குருன்வால்டில் போலந்து, லிதுவேனியப் படைகளிடம் தோல்வி, பெரும் நஷ்ட ஈடு, அதைக் கட்ட வரி. 1440-ல் அவர்களுடைய நகரங்களும் பிரபுக்களுமே எதிர்த்துக் கூட்டணி அமைத்தார்கள். 1457-ல் சம்பளம் கிடைக்காத கூலிப்படையினர் தலைமைக் கோட்டையான மரியன்பூர்க்கையே போலந்து மன்னனுக்கு விற்றார்கள்.

---

இரவுப்பணி

நான் வரலாறு படித்தவள் இல்லை, செவிலியர். எல்லோரும் நோயை ஏதோ வந்துபோன புயல் போலப் பேசுவதால் எழுதுகிறேன். கொள்ளைநோய் ஒரு தடவை வந்துபோனதல்ல. 1361-ல் வந்தது, 1369-ல் வந்தது, அதன்பின் பத்துப் பதினைந்து ஆண்டுக்கொரு முறை எங்காவது வந்துகொண்டே இருந்தது. அதைச் சமாளிக்கவே சில இடங்களில் அரசின் புதிய உறுப்பு ஒன்று முளைத்தது.

1377 ஜூலையில் ரகூசா நகரம், இன்றைய துப்ரோவ்னிக், நோயுள்ள ஊரிலிருந்து வருபவர்கள் 30 நாள் மிர்கான் தீவிலோ சாவ்தாத் ஊரிலோ தங்கிய பிறகே உள்ளே வரலாம் என்று விதித்தது. வெனிஸ் 1423-ல் தீவு ஒன்றில் நிரந்தரக் கொள்ளைநோய் மருத்துவமனை அமைத்தது. பின்னர் வட இத்தாலிய நகரங்களில் நிரந்தர சுகாதார அதிகாரிகள், பயணிகளுக்குச் சான்றிதழ், சாவுப் பதிவேடு. மன்னனின் தண்டனைக்குப் பயந்து செய்ததல்ல இது. வணிகத்தால் வாழ்ந்த ஊர்கள் துறைமுகத்தை மூடாமல் உயிரையும் காக்க வழி தேடியதில் பிறந்தது. சாவுப் பதிவேட்டை நானும் தினமும் நிரப்புகிறேன். அதைத் தொடங்கிவைத்தவர்களை அரசியல் வரலாற்றில் ஓரத்தில்கூட வைப்பதில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

---

நெடுவழி

இரவுப்பணி அவர்களே, இதை எழுதியதற்கு மிக்க நன்றி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: இவை எல்லாம் சுங்கம் வாங்கிப் பழகிய நகரங்கள். கப்பலை நிறுத்திச் சரக்கைப் பார்க்க அவர்களிடம் ஏற்கெனவே ஆளும் படகும் இருந்தன.

இங்கிலாந்துக்குத் திரும்பி, வரி வாங்கும் கை மிஞ்சிப்போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1377-ல் தலைக்கு நான்கு பென்ஸ், 1380-ல் மூன்று மடங்கு, 12 பென்ஸ். பல ஊர்களில் ஏழையும் அதையேதான் கட்ட நேர்ந்தது. 1381 மே மாதம் எசெக்ஸில் வசூலிக்க வந்தவர்களை விரட்டியதில் கிளர்ச்சி வெடித்தது. ஜூன் 14-ல் லண்டன் கோபுரத்திலிருந்து சிலரை இழுத்துவந்து தலையை வெட்டினார்கள். அவர்களில் ஒருவர், அரசின் தலைமை அமைச்சராகவும் (சான்சலர்) இருந்த கேன்டர்பரி பேராயர் சைமன் சட்பரி. இன்னொருவர் நிதியமைச்சர் ராபர்ட் ஹேல்ஸ். இந்த ஹேல்ஸ் யார் தெரியுமா? சிலுவைப்போருக்காக உருவான ஹாஸ்பிட்டலர் போர்த்துறவியர் சபையின் இங்கிலாந்துத் தலைவர். கிளார்க்கன்வெல்லில் இருந்த அவர்கள் மடத்தையும் கொளுத்தினார்கள். நோய் உண்டாக்கிய கூலிச் சட்டம், உழவூர்மேல் விழுந்த வரி, சிலுவைப்போர்ச் சபை எல்லாம் அந்த ஓரிரு நாட்களில் ஒரே நகரத்தில் மோதின.

---

பனித்துளி

அப்புறம் ராஜா ஜெயிச்சுட்டாரே, கிளர்ச்சித் தலைவர் வாட் டைலரைக் கொன்னுட்டாங்களே. அப்படின்னா பண்ணையடிமை முறை இங்கிலாந்துல எப்படித்தான் போச்சு?

---

ஏர்முனை

சட்டம் போட்டு ஒழிக்கவில்லை, அம்மா. பண்ணை மன்றப் பதிவேடுகளில் அது கரைவதைப் பார்க்கலாம். குடியானவன் செத்தால் அவன் வீட்டின் நல்ல மாடு ஒன்று பிரபுவுக்குச் சேர வேண்டும் என்பது பழைய வழக்கம். 1349-ன் பதிவேடுகளில் பக்கம் பக்கமாக அதுதான்: இன்னார் இறந்தார், ஒரு எருது, இன்னார் இறந்தார், ஒரு பசு, நிலத்தை ஏற்க ஆளில்லை, பிரபு வசம். பிரபுவின் தொழுவம் நிறைந்தது, மேய்க்க ஆள் இல்லை.

1381-ல் கிளர்ந்தவர்கள் ஊர் ஊராக இந்தப் பதிவேடுகளைத்தான் தேடி எரித்தார்கள். தங்கள் பாட்டன் அடிமை என்பதற்கு இருந்த முக்கியச் சாட்சி அது. கிளர்ச்சி அடங்கியது. ஆனால் நிலம் தரிசாகக் கிடந்தது, ஆள் இரவோடு இரவாக அடுத்த பண்ணைக்குப் போனான், அங்கே எந்தக் கேள்வியும் கேட்காமல் நிலம் கொடுத்தார்கள். கூலிச் சட்டம் இருந்தும் கூலி ஏறியது. இரண்டு, மூன்று தலைமுறையில் பிரபுக்கள் உழைப்பை விட்டுப் பணக் குத்தகைக்கு இறங்கினார்கள். நிலம் ஏற்றவன் பெயரையும் நிபந்தனைகளையும் மன்றப் பதிவேட்டில் எழுதி, அதில் ஒரு நகலை அவன் கையில் கொடுத்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த நகலைக் கொண்டுவந்தால் அரசனின் மன்றங்களும் வழக்கை எடுத்துக்கொள்ளத் தொடங்கின.

முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதே. கம்பளி விலை நன்றாக இருந்த மாவட்டங்களில் வேலி கட்டி, ஆட்டை விட்டு, ஊரையே காலி செய்த பிரபுக்களும் அதே காலத்தில் இருந்தார்கள். நகல் வைத்திருந்தவனுக்கு வழக்காட ஓர் இடமாவது இருந்தது. போலந்துக் குடியானவனை 1518-க்குப் பிறகு தன் பிரபுவின்மேல் வழக்குப் போட அரச மன்றம் ஏற்கவே இல்லை.

---

நெடுவழி

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், ஏர்முனை ஐயா. பிரான்சையும் அராகோனையும் யாராவது எடுத்துக்கொண்டு எழுதுங்கள். குறிப்பாக அராகோன் அரசின் கத்தலோனியாவில் பண்ணையடிமைகள் ஆயுதம் ஏந்திப் போராடி, 1486-ல் மன்னன் ஃபெர்தினாந்தின் குவாதலூப்பே தீர்ப்பால் பணம் கட்டி விடுதலை வாங்கிய கதை. அதே மன்னன் அப்போது கிரனாடாப் போரில் இருந்தார் என்பதையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.